வினைதிறன் மிக்க மூலக்கூறின் அமைப்பை நிறமாலையால் நிறுவுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

சுழற்சி நிறமாலையில் 89,188.5 மெகாஹெர்ட்ஸில் ஒரு கோடு. 89,487.4 மெகாஹெர்ட்ஸில் இன்னொரு கோடு. முதலாவது ஃபார்மைல் நேரயனி; அதில் ஹைட்ரஜன் கார்பனோடு பிணைந்திருக்கிறது. இரண்டாவதிலும் அதே மூன்று அணுக்கள்தான், ஆனால் ஹைட்ரஜன் ஆக்ஸிஜன் பக்கம் இருக்கிறது. அமைப்பே வேறான இரண்டு அயனிகளுக்கு நடுவே 300 மெகாஹெர்ட்ஸ் இடைவெளிகூட இல்லை. கோடு இருக்கும் இடத்தை மட்டும் பார்த்து எது எதுவென்று சொல்ல முடியாது.

கார்பீன் (இரண்டே பிணைப்புகள் கொண்ட கார்பன்), நைட்ரீன் (ஒரே பிணைப்பு கொண்ட நைட்ரஜன்), தனி உறுப்பு (இணையாத எலெக்ட்ரான் கொண்ட துண்டு), ஆன்டிஅரோமேட்டிக் வளையம், பெராக்ஸி இடைநிலை என எதை எடுத்தாலும் இதே சிக்கல்தான். சீசாவில் அடைத்து வைத்துப் படிகமாக்கி எக்ஸ் கதிருக்குக் கொடுக்க முடியாத பொருள்கள் இவை. ஆகவே அமைப்பை நிறமாலையிலிருந்து வாதிட்டு நிறுவ வேண்டும். அந்த வாதத்துக்கு மூன்று கால்கள் உண்டு: எந்தப் பட்டைகள் சேர்ந்து வளர்ந்து சேர்ந்து தேய்கின்றன, ஐசோடோப்பை மாற்றினால் ஒவ்வொன்றும் எவ்வளவு நகர்கிறது, போட்டியாக நிற்கும் மற்ற அமைப்புகள் ஏன் பொருந்தவில்லை. பட்டையின் இருப்பிடம் வெறும் துப்பு. அது நகரும் விதமே சாட்சி.

படி 1: ஆயுளைப் பார்த்து முறையைத் தேர்ந்தெடுங்கள்

மூலக்கூறு மைனஸ் 100 டிகிரி செல்சியஸ் வாக்கில் கரைசலில் மணிக்கணக்கில் தாங்கினால் என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) போதும், வேறு எந்த முறையும் அத்தனை விவரம் தராது. தாங்காது, ஆனால் வெளிச்சத்தாலோ சூட்டாலோ அதை உருவாக்க முடியும் என்றால் 10 கெல்வினில் உறைந்த ஆர்கானுக்குள் சிறைப்பிடிக்கும் மேட்ரிக்ஸ் முறைக்குப் போங்கள். இணையாத எலெக்ட்ரான் இருந்தால் இ.பி.ஆர். (எலெக்ட்ரான் காந்த ஒத்ததிர்வு) கட்டாயம். ஹைட்ரஜனைத் தவிர்த்து நாலைந்து அணுக்கள் கொண்ட, இருமுனைத் திருப்புத்திறன் உள்ள சிறிய மூலக்கூறாக இருந்து, பிணைப்பு நீளம் ஆங்ஸ்ட்ராமில் மூன்றாம் தசமம் வரை வேண்டுமென்றால் குளிர்ந்த வாயுத் தாரையில் சுழற்சி நிறமாலை எடுக்க வேண்டும். ஆயுளை அளப்பதே நோக்கமென்றால் ஒளித்துடிப்பு முறை (கணநேரப் பளிச்சொளியால் உடைத்து, விளைவதைத் தொடர்ந்து அளப்பது) உண்டு. நாரிஷும் போர்ட்டரும் 1949-ஐ ஒட்டி உருவாக்கிய இந்த முறைக்கு 1967-இல் நோபல் பரிசு கிடைத்தது. வேகத்தை அது அருமையாகச் சொல்லும். அமைப்பைப் பற்றிக் குறைவாகத்தான் சொல்லும்.

பெரும்பாலானோர் தொடங்க வேண்டிய இடம் மேட்ரிக்ஸும் அகச்சிவப்பும்தான் என்பதால் இந்த வழிகாட்டியும் அங்கேதான் அதிக நேரம் நிற்கிறது.

படி 2: முன்னோடியைத் தேர்வு செய்தல்

வேலையில் பாதி இங்கேயே முடிவாகிவிடுகிறது. முன்னோடி என்பது உடைத்து இலக்கு மூலக்கூறைப் பெறும் தொடக்கச் சேர்மம். அது உடையும்போது வெளியேறும் துண்டு அகச்சிவப்பில் தெரியக் கூடாது; இலக்கு மூலக்கூறோடு ஒட்டவும் கூடாது. நைட்ரஜன் இதற்கு மிகவும் ஏற்றது. டையசோ சேர்மம் கார்பீனையும் அசைடு நைட்ரீனையும் தருவது அதனால்தான் வசதி. கார்பன் மோனாக்சைடு அடுத்த தரம். ஆர்கானில் 2138 செ.மீ⁻¹-இல் கூர்மையாகத் தெரியும், சில சமயம் கார்பீனோடு மறுபடி சேர்ந்து கீட்டீனாகிவிடும். கார்பன் டைஆக்சைடு இன்னும் தொல்லை. அது எவ்வளவு பெரிய தொல்லை என்று பின்னால் சொல்கிறோம்.

இரண்டு தனி உறுப்புகளாக உடையும் முன்னோடியை மேட்ரிக்ஸுக்குள் வைத்து ஒளி பாய்ச்சினால் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. துண்டுகள் ஒரே கூண்டுக்குள் மாட்டிக்கொண்டு மறுபடி இணைந்துவிடும். ஹைட்ரஜன் அணு போன்ற சிறிய துண்டு மட்டுமே தப்பிக்கும். அத்தகைய முன்னோடியை முதலில் வாயுநிலையில் உடையுங்கள்: 8 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குவார்ட்ஸ் குழாய், கடைசி 5 சென்டிமீட்டர் மட்டும் 500 முதல் 900 டிகிரி செல்சியஸ் வரை சூடு, குழாய் முனைக்கும் குளிர்ந்த சாளரத்துக்கும் (மேட்ரிக்ஸ் படியும் ஒளிபுகும் தட்டு) இடையே 5 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி வேண்டாம். இடைவெளி கூடினால் வழியிலேயே இருமடிகள் (இரண்டு மூலக்கூறுகள் இணைந்தவை) உருவாகும்.

டையசோ சேர்மங்களும் சிறிய அசைடுகளும் வெடிக்கும். 50 மில்லிகிராமுக்கு மேல் ஒரே தடவையில் தயாரிக்க வேண்டாம், உலோகக் கரண்டி வேண்டாம், உலரும்வரை சூடேற்றி வடிக்க வேண்டாம், பாதுகாப்புக் கவசத்துக்குப் பின்னால் நின்றே கையாளுங்கள். மேட்ரிக்ஸுக்குச் சில மில்லிகிராமே போதும்.

படி 3: வாயுக்கலவையும் படியவைத்தலும்

2 லிட்டர் கண்ணாடிக் குடுவையை 10⁻³ மில்லிபாருக்குக் கீழே இறைத்துக் காலி செய்யுங்கள். உறையவிட்டு, இறைத்து, உருக்கும் சுற்றை மூன்று முறை செய்து காற்று நீக்கிய முன்னோடியை 0.8 மில்லிபார் வரை விடுங்கள். பிறகு 800 மில்லிபார் வரும்வரை ஆர்கான். இப்போது விகிதம் 1-க்கு 1000. ஆவியழுத்தம் போதாத முன்னோடியைக் குடுவையில் கலக்க வேண்டாம். சாளரத்துக்கு அருகிலேயே தனிக் குழாயில் மெல்லச் சூடாக்கி, ஆர்கான் ஓட்டத்தோடு சேர்த்துப் படியவிடுங்கள். அப்போது விகிதத்தை ஊகிக்கத்தான் முடியும்.

ஏன் 1000? ஆர்கான் படிகத்தில் ஒவ்வோர் அணுவைச் சுற்றியும் 12 அண்டை இடங்கள். விகிதம் 1-க்கு 100 என்றால், ஓர் ஆர்கான் இடத்தில் உட்காரும் விருந்தாளி மூலக்கூறுக்குப் பக்கத்திலேயே இன்னொன்று இருக்க ஏறத்தாழ 11 விழுக்காடு வாய்ப்பு. 1-க்கு 1000 என்றால் அது 1.2 விழுக்காடாகக் குறைகிறது. பெரிய மூலக்கூறு பல ஆர்கான் இடங்களை எடுத்துக்கொள்வதால் அதற்கு இந்தக் கணக்கு இன்னும் மோசம். இணையாக மாட்டியவை ஒளி பட்டதும் இருமடி தரும். அதன் பட்டைகள் உங்களைத் திசை திருப்பும்.

கிரையோஸ்டாட்டை (சாளரத்தைக் குளிர்விக்கும் கருவி) குளிரவைக்கும் முன் அறையின் அழுத்தம் 10⁻⁶ மில்லிபாருக்குக் கீழே வரட்டும். சாளரத்துக்குச் சீசியம் அயோடைடு நல்லது, 200 செ.மீ⁻¹ வரை ஒளி விடும். பொட்டாசியம் புரோமைடு 400-இல் நின்றுவிடும். சாளரத்தை 15 முதல் 20 கெல்வினில் வைத்து மணிக்கு 2 மில்லிமோல் வேகத்தில் படியவையுங்கள். மேலே சொன்ன குடுவையில் அது மணிக்கு 25 மில்லிபார் அழுத்தக் குறைவு. மூன்று மணி நேரம் போதும். பிறகு 10 கெல்வினுக்கு இறக்கி நிறமாலை எடுங்கள்.

வேகம் கூடினால் சாளரம் சூடாகும், விருந்தாளிகள் நகர்ந்து கூட்டம் சேரும். சாளரம் 10 கெல்வினுக்கும் கீழே இருக்கும்போது படியவைத்தால் படலம் பொருபொருவென்று வெண்மையாகி ஒளியைச் சிதறடிக்கும். அடிக்கோடு உயர் அலையெண் பக்கம் மேலேறிக்கொண்டே போனால் காரணம் இதுதான். சூடேற்றி ஆவியாக்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள். திருத்த முயல்வது வீண்.

படி 4: வெளிச்சத்துக்கு முன் ஒரு முழுப் பதிவு

0.5 செ.மீ⁻¹ பிரிதிறனில், குறைந்தது 200 வருடல்களைச் சேர்த்து ஒரு நிறமாலை. வெறும் ஆர்கானை மட்டும் படியவைத்து இன்னொன்று. பலர் இந்த இரண்டாவதைத் தவிர்த்துவிட்டுப் பின்னால் தவிக்கிறார்கள். தண்ணீர் 1590 முதல் 1630 வரையிலும் 3700 சுற்றிலும் பல கோடுகளாகத் தெரியும். கார்பன் டைஆக்சைடு 2345, 2339, 663, 662. கார்பன் மோனாக்சைடு 2138. தண்ணீரோடு ஒட்டினால் 2149. இந்த எண்களை மனப்பாடம் செய்துகொள்வது நல்லது. புதிய பட்டை என்று நினைப்பதில் கணிசமான பங்கு இவைதான், அல்லது இவை வேறொன்றோடு ஒட்டியதால் நகர்ந்தவைதான்.

படி 5: ஒளி பாய்ச்சி, வேறுபாட்டைப் பாருங்கள்

முதலில் நீண்ட அலைநீளம், பிறகு குறுகியது. 405 நானோமீட்டரில் தொடங்கி 365, கடைசியில் 254. முதலிலேயே 254-க்குத் தாவினால் இலக்கு மூலக்கூறு உருவான கணமே உடைந்து அடுத்த பொருளாகிவிடும். ஃபீனைல் அசைடு இதற்கு நல்ல பாடம். நைட்ரீனைத் தேடி ஒளி பாய்ச்சினால் 1895 செ.மீ⁻¹ அருகே வலுவான பட்டை எழும். அது ஃபீனைல் நைட்ரீன் அல்ல. வளையம் விரிந்து ஏழு உறுப்பினர் கொண்ட கீட்டினிமைனாகிவிட்டது. உயரழுத்தப் பாதரச விளக்கைப் பயன்படுத்தினால் 10 சென்டிமீட்டர் நீர் வடிகட்டி ஒன்றை நடுவில் வையுங்கள்; இல்லாவிட்டால் விளக்கின் வெப்பமே மேட்ரிக்ஸை இளக்கிவிடும்.

ஒளி பாய்ச்சிய பின் எடுத்ததிலிருந்து முன் எடுத்ததைக் கழியுங்கள். கீழ்நோக்கிய பட்டைகள் முன்னோடி, மேல்நோக்கியவை புதியவை. ஆனால் புதியவை எல்லாம் ஒரே பொருளுக்கு உரியவை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 2, 5, 10, 20, 40, 80 நிமிடங்களில் ஒவ்வொரு பதிவாக எடுத்து, ஒவ்வொரு பட்டையின் பரப்பையும் நேரத்துக்கு எதிராக வரையுங்கள். ஒரே மூலக்கூறின் பட்டைகள் எல்லா நேரத்திலும் ஒரே விகிதத்தில் நிற்கும். ஒரு பட்டை 20 நிமிடத்தில் உச்சம் தொட்டு இறங்க, இன்னொன்று ஏறிக்கொண்டே போனால் அவை இரண்டு வேறு பொருள்கள்.

அடுத்து இரண்டாம் அலைநீளம். முதல் ஒளியில் உருவானதை மட்டும் தேர்ந்து அழிக்கும் அலைநீளம் ஒன்று கிடைத்துவிட்டால், அந்த வேறுபாட்டு நிறமாலையில் கீழ்நோக்கி நிற்பவை அத்தனையும் உங்கள் மூலக்கூறின் பட்டைகள். இதைவிடச் சுத்தமான பட்டியலை வேறு வழியில் பெறுவது கடினம். புறஊதா, கட்புல நிறமாலையை அதே மேட்ரிக்ஸிலிருந்து எடுத்தால் எந்த அலைநீளத்தில் அது உறிஞ்சுகிறது என்று முன்கூட்டியே தெரியும்.

இருட்டில் விடுவதும் ஒரு சோதனை. 2008-இல் வெளியான ஹைட்ராக்ஸிமெத்திலீன் ஆய்வில், 11 கெல்வின் ஆர்கானில் எந்த ஒளியும் இல்லாமலே அது ஏறத்தாழ 2 மணி நேர அரை ஆயுளோடு ஃபார்மால்டிஹைடாக மாறியது. தடுப்பரண் மோலுக்கு 30 கிலோகலோரி அளவில் இருந்தும் ஹைட்ரஜன் அதைச் சுரங்கமிட்டுக் கடந்தது. ஹைட்ராக்ஸில் ஹைட்ரஜனை டியூட்டீரியமாக்கியதும் மாற்றம் நின்றுபோனது. எனவே ஓர் இரவு இருட்டில் விட்டுக் காலையில் பாருங்கள். நிறமாலைமானியின் அகச்சிவப்பு மூலமேகூடச் சில மூலக்கூறுகளைச் சுழற்றி மாற்றிவிடும். இருட்டு என்றால் கருவியின் கதிரும் மறைக்கப்பட்டிருக்க வேண்டும்.

படி 6: மெல்லச் சூடேற்றிப் பிடிப்பது

ஆர்கானை 30 முதல் 35 கெல்வின் வரை மெல்ல ஏற்றி 10 நிமிடம் வைத்து மறுபடி 10-க்கு இறக்குவதை அனீலிங் என்பார்கள். 38-ஐத் தாண்டினால் படலமே ஆவியாகத் தொடங்கும். நியானில் இந்த எல்லை 10 கெல்வின் அளவில். செனானில் 60 வரை போகலாம்.

இது இரண்டு கேள்விகளுக்குப் பதில் தரும். நாலைந்து செ.மீ⁻¹ இடைவெளியில் இரட்டையாக நிற்கும் பட்டைகள், மேட்ரிக்ஸில் இரண்டு விதமான இடங்களில் உட்கார்ந்த ஒரே மூலக்கூறா, இரண்டு வடிவங்களா? அனீலிங்கில் ஒன்று மற்றதாக மாறி, ஆர்கானுக்குப் பதில் நைட்ரஜனோ நியானோ போட்டதும் பிரிகையின் அளவே வேறாகிவிட்டால் அது இடப் பிரிகை. எந்த வாயுவிலும் ஏறத்தாழ அதே இடைவெளி இருந்தால் வடிவங்கள் என்று எண்ண இடமுண்டு.

இரண்டாவது, மூலக்கூறின் குணம். ஆர்கானில் 0.5 முதல் 1 விழுக்காடு ஆக்ஸிஜனைக் கலந்து படியவையுங்கள். 30 கெல்வினில் ஆக்ஸிஜன் நகரும்; மும்மை நிலைக் (இணையாத இரண்டு எலெக்ட்ரான்களும் ஒரே திசைச் சுழலில் உள்ள) கார்பீன் அதைப் பிடித்துக் கார்பனைல் ஆக்சைடாகும். கார்பன் மோனாக்சைடு கலந்தால் கீட்டீன், 2100 அருகே தவறவிடவே முடியாத பட்டை. வினைப்பொருளின் அமைப்பு பிடித்தது எதை என்று காட்டிக்கொடுக்கும்.

படி 7: ஐசோடோப்பு

மொத்த வாதமும் நிற்பது இதன்மேல்தான். இரண்டு அணுக்கள் மட்டுமே அசைவதாக எடுத்துக்கொண்டால் அலையெண், குறைக்கப்பட்ட நிறையின் (இரண்டு நிறைகளின் பெருக்கலை அவற்றின் கூட்டலால் வகுத்தது) வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதம். கார்பன்-ஆக்ஸிஜன் அசைவில் கார்பன்-13 போட்டால் விகிதம் 0.978, ஆக்ஸிஜன்-18 போட்டால் 0.976. 1720-இல் இருக்கும் பட்டை முறையே 38, 41 செ.மீ⁻¹ இறங்க வேண்டும். 10 மட்டுமே இறங்கினால் அந்த அசைவில் கார்பனைலின் பங்கு குறைவு, உங்கள் பெயரிடல் தவறு.

இன்னும் கூர்மையான தகவல் கலப்பு ஐசோடோப்பில் இருக்கிறது. ஒரு உலோக அணுவோடு ஆக்ஸிஜன் மூலக்கூறு சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அது பக்கவாட்டில் இரண்டு அணுக்களாலும் பிடித்திருக்கிறதா, ஒரு முனையால் மட்டும் தொங்குகிறதா? 16-ஆக்ஸிஜனும் 18-ஆக்ஸிஜனும் சமமாகக் கலந்து, மின்னிறக்கத்தால் அணுக்களைக் கலைத்த வாயுவை எடுங்கள். அதில் 16-16, 16-18, 18-18 மூலக்கூறுகள் 1:2:1 விகிதத்தில் இருக்கும். பக்கவாட்டுப் பிணைப்பில் இரண்டு ஆக்ஸிஜனும் ஒன்றுபோல. மூன்று பட்டைகள், 1:2:1. முனைப் பிணைப்பில் 16-18 துண்டு இரண்டு விதமாக உட்காரலாம். நடுப்பட்டை இரண்டாகப் பிரிந்து மொத்தம் நான்கு. அணுக்களைக் கலைக்காமல் 16-16, 18-18 இரண்டை மட்டும் கலந்தால் நடுப்பட்டை வரவே கூடாது. வந்தால் ஆக்ஸிஜன் பிணைப்பு எங்கோ உடைந்து மறுபடி சேர்ந்திருக்கிறது. ஒரே பட்டையின் பிளவை எண்ணி அமைப்பைச் சொல்லிவிடலாம் என்பது இந்தத் துறையின் மிக அழகான விஷயங்களில் ஒன்று.

ஐசோடோப்பு இல்லாமல் அவசரப்பட்டால் என்ன ஆகும்? சைக்ளோபியூட்டாடையீனின் வரலாறு இருக்கிறது. 1970-களின் தொடக்கத்தில் ஆல்ஃபா-பைரோனை ஆர்கானில் ஒளியால் உடைத்து அதைப் பிடித்தார்கள். வளையம் சதுரமா செவ்வகமா என்பதே கேள்வி. சதுரத்துக்கு அகச்சிவப்பில் தெரியக்கூடிய அடிப்படை அதிர்வுகள் நான்கு; செவ்வகத்துக்கு ஏழு. கிடைத்த பட்டைகள் குறைவாக இருந்ததால் சதுரம் என்று முடிவு சொன்னார்கள். அந்தக் குறைவான பட்டைகளிலும் 650 செ.மீ⁻¹-ஐ ஒட்டிய ஒன்று வளையத்துடையதே அல்ல. ஆல்ஃபா-பைரோனிலிருந்து வெளியேறிய கார்பன் டைஆக்சைடு அதே கூண்டுக்குள் வளையத்தோடு ஒட்டிக்கொண்டதால் 662-இலிருந்து நகர்ந்த அதன் வளைவுப் பட்டை அது. வெளியேறும் கார்பனில் கார்பன்-13 போட்டதும் பட்டை நகர்ந்தது. கார்பன் டைஆக்சைடு தராத வேறு முன்னோடியில் அது வரவே இல்லை. 1978-இல் ஃபூரியர் மாற்றக் கருவியில் பலவீனமான பட்டைகளும் தெரியவந்தபோது எண்ணிக்கை சதுரத்துக்கு இடம் தரவில்லை. வளையம் செவ்வகம்.

இதிலிருந்து இரண்டு நடைமுறை விதிகள். ஒரே மூலக்கூறை இரண்டு வேறு முன்னோடிகளிலிருந்து தயாரியுங்கள். இரண்டிலும் வரும் பட்டைகளை மட்டுமே நம்புங்கள். பட்டை இல்லை என்பதை வைத்து சமச்சீரை வாதிட வேண்டாம். அது வெறும் பலவீனமான பட்டையாக இருக்கலாம்.

படி 8: கணிப்போடு ஒப்பிடுதல்

சாத்தியமான எல்லா அமைப்புகளுக்கும் அதிர்வெண்களைக் கணியுங்கள், பிடித்ததற்கு மட்டும் அல்ல. அடர்த்திச் சார்புக் கணிப்பின் ஹார்மோனிக் எண்களை 0.96 முதல் 0.98 வரையான காரணியால் பெருக்கினால் நல்ல பொருத்தத்தில் வேறுபாடு 10 முதல் 20 செ.மீ⁻¹-க்குள் இருக்கும். ஆனால் அந்த அளவு தவறு எந்தத் தவறான அமைப்புக்கும் இடம் கொடுக்கும். ஐசோடோப்பு நகர்வை ஒப்பிடுங்கள். அங்கே கணிப்பின் தவறுகள் பெரும்பாலும் கழிந்துவிடுவதால் சரியான அமைப்பு 2, 3 செ.மீ⁻¹-க்குள் பொருந்தும். செறிவு வரிசையும் பொருந்த வேண்டும்: கணிப்பில் மிக வலுவான பட்டை உங்கள் நிறமாலையில் காணாமல் போயிருந்தால் மற்றப் பத்துப் பொருந்தினாலும் அமைப்பு தவறு. ஒற்றை நிலை இருஉறுப்புகளில் (இரண்டு தனி எலெக்ட்ரான்கள் எதிரெதிர்ச் சுழலில் உள்ளவை) ஒற்றை அணிக்கோவைக் கணிப்பு (ஒரே எலெக்ட்ரான் அமைவை மட்டும் கொள்வது) நம்பத்தக்கதல்ல. பல அணிக்கோவை முறை வேண்டும்.

படி 9: இணையாத எலெக்ட்ரான் இருந்தால்

தனி உறுப்பின் வடிவத்தை இ.பி.ஆர். கோடுகளின் மீநுண் பிரிகையே (அணுக்கருவின் காந்தத்தால் கோடு பிளவுபடுவது) சொல்லிவிடும். மெத்தில் உறுப்பில் கார்பன்-13 பிரிகை 38 காஸ் (காந்தப்புல அலகு). டிரைபுளூரோமெத்திலில் 271 காஸ். ஒற்றை எலெக்ட்ரான் முழுக்கக் கார்பனின் எஸ் ஆர்பிட்டாலில் இருந்தால் 1100 காஸ் அளவில் இருக்கும். 271 என்றால் கால் பங்கு எஸ் குணம், அதாவது ஏறத்தாழ எஸ்பி³. மூலக்கூறு கூம்பு வடிவம். மெத்திலின் 38, தட்டையான உறுப்பில் எலெக்ட்ரான் பி ஆர்பிட்டாலில் இருப்பதைக் காட்டுகிறது.

மும்மை நிலைக்கு டி என்ற பூச்சியப்புலப் பிரிகையை (வெளிக் காந்தப்புலம் இல்லாமலே உள்ள ஆற்றல் பிளவு) பாருங்கள். இரண்டு எலெக்ட்ரான்களும் ஒரே அணுவில் நெருங்கி இருந்தால் டி பெரியது. ஃபீனைல் நைட்ரீனுக்கு ஏறத்தாழ 1 செ.மீ⁻¹, டைஃபீனைல் கார்பீனில் எலெக்ட்ரான் வளையங்களுக்குப் பரவுவதால் 0.4. மெத்திலீனுக்கு 0.69, 1970-இல் கிடைத்த இந்த இ.பி.ஆர். அளவீடுகள்தான், அதுவரை நேர்கோடு என்று கருதப்பட்ட மும்மை மெத்திலீன் வளைந்தது என்று காட்டின. கோணம் ஏறத்தாழ 134 டிகிரி என்று இன்று தெரியும்.

இ.பி.ஆர். கோட்டின் செறிவை வெப்பநிலையின் தலைகீழுக்கு எதிராக வரைந்து நேர்கோடு வந்தால் மும்மை நிலையே அடிநிலை என்று எழுதிவிடுவது வழக்கம். கவனம் தேவை: ஒற்றையும் மும்மையும் ஒரே ஆற்றலில் இருந்தாலும் நேர்கோடுதான் வரும்.

படி 10: குளிர்ந்த கரைசலில் என்.எம்.ஆர்.

கரைப்பானின் உறைநிலைதான் முதல் கட்டுப்பாடு. டியூட்டீரிய டெட்ராஹைட்ரோஃபியூரான் மைனஸ் 108 வரை, டைகுளோரோமெத்தேன் மைனஸ் 95 வரை, கார்பன் நேரயனிகளுக்கான சல்ஃபியூரில் குளோரைடு புளூரைடு மைனஸ் 120 வரை. கருவி காட்டும் வெப்பநிலையை நம்ப வேண்டாம். மெத்தனால் குழாய் வைத்து இரண்டு உச்சங்களின் இடைவெளியால் அளவு திருத்துங்கள். ஒவ்வொரு படியிலும் 15 நிமிடம் காத்திருங்கள்.

மூன்றாம்நிலை பியூட்டைல் நேரயனியின் மையக் கார்பன் 335 பி.பி.எம்.-இல் தெரியும். கருவியின் வழக்கமான கார்பன் சாளரம் 220-ஐ ஒட்டி முடிந்துவிடும். அகலத்தை 400 வரை திறக்காமல் எடுத்துவிட்டு நேரயனி உருவாகவில்லை என்று முடிவு செய்வது அடிக்கடி நடக்கிற தவறு.

ஆர்கனோலித்தியத்தில் (கார்பன்-லித்தியம் பிணைப்புள்ள சேர்மம்) எத்தனை மூலக்கூறுகள் கூடி நிற்கின்றன என்று அறிய லித்தியம்-6 செறிவூட்டிய மாதிரி எடுங்கள். அதன் சுழல் 1. கார்பன் ஒரு லித்தியத்தோடு பிணைந்தால் 1:1:1 மூன்று கோடுகள், இரண்டோடு 1:2:3:2:1, மூன்றோடு ஏழு, நான்கோடு ஒன்பது. பிரிகை ஏறத்தாழ 17-ஐ லித்தியங்களின் எண்ணிக்கையால் வகுத்த ஹெர்ட்ஸ். மூன்றாம்நிலை பியூட்டைல் லித்தியத்தின் நான்மடி ஹைட்ரோகார்பனில் மைனஸ் 22 டிகிரியில் 5.4 ஹெர்ட்ஸ் இடைவெளியில் ஏழு கோடுகள் தருகிறது; மைனஸ் 5-இல் 4.1 ஹெர்ட்ஸில் ஒன்பது. நான்மடி மாறவில்லை. குளிரில் ஒவ்வொரு கார்பனும் தன் முகத்தின் மூன்று லித்தியங்களை மட்டும் உணர்கிறது. சூட்டில் வேகமாக இடம்மாறி நான்கையும் உணர்கிறது. ஒரே வெப்பநிலையில் மட்டும் எடுத்திருந்தால் இதில் பாதிதான் தெரியும்.

படி 11: சுழற்சி நிறமாலையிலிருந்து பிணைப்பு நீளம்

வாயுத்தாரையில் மின்னிறக்கத்தாலோ லேசராலோ உருவான மூலக்கூறு சில கெல்வின் சுழற்சி வெப்பநிலைக்குக் குளிர்கிறது. கோடுகள் குறைந்து, ஒவ்வொன்றும் வலுக்கிறது. தொடக்கத்தில் சொன்ன ஃபார்மைல் நேரயனியின் கோடுகளை வைத்தே முழுக் கணக்கையும் செய்து பார்க்கலாம்.

முதல் தாவலின் அதிர்வெண்ணில் பாதி, சுழற்சி மாறிலி. மையவிலக்குத் திருத்தத்தை இங்கே விட்டுவிடுகிறோம். 505379-ஐ மெகாஹெர்ட்ஸிலுள்ள மாறிலியால் வகுத்தால் நிலைமத்திருப்புத்திறன், அணுநிறை அலகு பெருக்கல் ஆங்ஸ்ட்ராம் வர்க்கத்தில்.

சாதாரண அயனி: 89,188.5 மெகாஹெர்ட்ஸ், 11.3328.
டியூட்டீரியம் போட்டது: 72,039.3 மெகாஹெர்ட்ஸ், 14.0306.
கார்பன்-13 போட்டது: 86,754.3 மெகாஹெர்ட்ஸ், 11.6508.
ஆக்ஸிஜன்-18 போட்டது: 85,162.2 மெகாஹெர்ட்ஸ், 11.8686.

இப்போது கிரைட்ச்மன் சமன்பாடு. ஓர் அணுவை மாற்றியதால் வந்த நிலைமத்திருப்புத்திறன் வேறுபாட்டை, மொத்த நிறையும் நிறை மாற்றமும் சேர்ந்த குறைக்கப்பட்ட நிறையால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால், நிறை மையத்திலிருந்து அந்த அணுவின் தூரம் கிடைக்கும். ஹைட்ரஜனுக்கு வேறுபாடு 2.6978, குறைக்கப்பட்ட நிறை 0.9725, தூரம் 1.6655 ஆங்ஸ்ட்ராம். கார்பனுக்கு 0.3180, 0.9698, தூரம் 0.5726. ஆக்ஸிஜனுக்கு 0.5358, 1.8747, தூரம் 0.5346.

சமன்பாடு தூரத்தை மட்டும் தரும், எந்தப் பக்கம் என்று சொல்லாது. கார்பனும் ஆக்ஸிஜனும் ஒரே பக்கத்தில் இருந்தால் இடையே 0.04 ஆங்ஸ்ட்ராம்தான்; அது நடக்காது. எனவே எதிரெதிர்ப் பக்கங்கள். பிணைப்பு நீளம் 1.107. ஹைட்ரஜன் கார்பன் பக்கம் என்றால் கார்பன்-ஹைட்ரஜன் நீளம் 1.093.

ஒவ்வொரு தூரத்தையும் தன் அணுநிறையால் பெருக்கி, பக்கத்துக்கேற்பக் குறியிட்டுக் கூட்டுங்கள். நிறை மையம் என்பதால் பூச்சியம் வர வேண்டும். ஹைட்ரஜனைக் கார்பன் பக்கம் வைத்தால் 1.679 கூட்டல் 6.871 கழித்தல் 8.551, கிடைப்பது மைனஸ் 0.001. ஆக்ஸிஜன் பக்கம் வைத்தால் மைனஸ் 3.36. 89,188.5-இல் உள்ள கோடு யாருடையது என்பது இங்கே முடிவாகிறது.

நிறை மையத்துக்கு மிக அருகில் உள்ள அணுவுக்கு மட்டும் இந்த வழி தடுமாறும். தூரத்தின் நிச்சயமின்மை ஏறத்தாழ 0.0015-ஐ அந்தத் தூரத்தால் வகுத்த அளவு: 0.53 ஆங்ஸ்ட்ராமில் அது 0.003, 0.1-இல் 0.015 ஆகிவிடும். அதற்கும் நெருங்கினால் வர்க்கமே எதிர்க்குறியில் வரும். அப்போது அந்த அணுவை விட்டுவிட்டு மற்றவற்றின் இடங்களைக் கண்டு, அதன் இடத்தை நிறை மைய நிபந்தனையிலிருந்து பெறுங்கள்.